மூன்றரை மணிச் சங்கு

1 பிப்ரவரி 2026, ஞாயிறு

வருகிற மாசியில் அண்ணனுக்கு அறுபது நிறைகிறது. அவர் பிறந்த விசுவாவசு ஆண்டு ஒரு சுற்று முடிந்து இப்போது திரும்ப வந்திருக்கிறது. பிறந்த மாதத்தில், பிறந்த நட்சத்திரத்தன்றே பேரூர்ப் பட்டீசுவரர் கோயிலில் அறுபதாம் கல்யாணத்தை நடத்திவிட வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. எண்பதைக் கடந்துவிட்ட அவர் தமக்கென்று எதையும் கேட்டதில்லை. இதை மட்டும் பொங்கலிலிருந்து தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

தடையாக நிற்பது ஒன்றுதான். அண்ணனுடைய ஜாதக நோட்டு இல்லை. அக்காளும் நானும் இன்று பரணிலிருந்து அப்பாவின் தகரப் பெட்டியை இறக்கிப் பார்த்தோம். அடியில் கிடந்த காகிதங்களைக் கரையான் அரித்து மண்ணாக்கியிருந்தது. மிஞ்சியவை ஒரு மூக்குக் கண்ணாடி, தொழிற்சங்கச் சந்தா ரசீதுகள் சில, அப்பாவின் மில் டோக்கன். எட்டணா நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய பித்தளை வில்லை அது. மேலே ஆணியில் மாட்டுவதற்கு ஒரு துளை, நடுவில் அவருடைய எண். துளையைச் சுற்றிலும் விளிம்பு தேய்ந்து மெலிந்திருக்கிறது. ஒவ்வொரு ஷிப்டுக்கும் பலகையிலிருந்து எடுத்து, முடிந்ததும் திரும்ப மாட்டிய கையின் தேய்மானம்.

பிறந்த நேரத்தை அம்மாவிடம் கேட்டோம். "செவ்வாக்கெழம, அம்மிணி. சாஸ்திரி செத்து ரெண்டு மாசம் ஆகுல. மூணரைச் சங்கு ஊதறப்ப அழுதான்" என்றார். பிரதமராக இருந்த லால் பகதூர் சாஸ்திரியைச் சொல்கிறார். சற்றும் தயங்காமல் சொன்னார்.

4 பிப்ரவரி, புதன்

அம்மா சொன்ன கிழமையையும் மாதத்தையும் வைத்து ஜோதிடர் பழைய வாக்கியப் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். அன்று சூரிய உதயத்திலிருந்து இருபத்திரண்டு நாழிகை வரை உத்திரம், அதற்குமேல் அஸ்தம். ஒரு நாழிகைக்கு இருபத்துநான்கு நிமிடம். மாசியின் அந்த நாளில் கோவையில் சூரியன் ஆறு முப்பத்துநான்கு அளவில் உதிக்கிறது என்று கொண்டால், நட்சத்திரம் மாறிய நேரம் பிற்பகல் மூன்று இருபத்திரண்டை ஒட்டி வருகிறது. திருக்கணிதப் பஞ்சாங்கத்தில் கணக்கு வேறாக வரும் என்றும் அவர் சொன்னார். ஆனால் அண்ணன் பிறந்தபோது ஜாதகம் எழுதியவர் வாக்கியக்காரர். எங்கள் வீட்டில் இன்றுவரை அதைத்தான் பார்க்கிறோம்.

மூன்றரைக்குப் பிறந்தவர் என்றால் அஸ்தம். அப்படியே முடிந்திருக்க வேண்டிய பேச்சில் அக்காள் குறுக்கிட்டாள்: "மூணரைச் சங்குன்னா எந்தச் சங்குங்கம்மா? மொதச் சங்கா, ரெண்டாஞ் சங்கா?"

அம்மாவிடமிருந்து அதற்கு மட்டும் உடனே பதில் வரவில்லை.

8 பிப்ரவரி, ஞாயிறு

சங்கு என்று நாங்கள் சொல்வது ஆலையின் ஊதொலியை. சிங்காநல்லூரில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டில் கைக்கடிகாரம் கட்டியவர் எவருமில்லை. கோவையில் வானொலி நிலையம் 1966-ஆம் ஆண்டின் இறுதியில்தான் வந்தது. அதற்கு முன் வானொலிப்பெட்டி வைத்திருந்தவர்கள் திருச்சி நிலையத்தைத்தான் கேட்டார்கள், எங்கள் வளவில் அதுவும் இல்லை. பொழுதைச் சொன்னது சங்கு மட்டுமே. காலை ஏழு, பிற்பகல் மூன்றரை, நள்ளிரவு பன்னிரண்டு என்று ஷிப்டு மாறும் மூன்று வேளையும் அது ஊதும். ஒவ்வொரு வேளைக்கும் கால் மணி முன்னதாக முதல் சங்கு, சரியான நேரத்துக்கு இரண்டாம் சங்கு. முதல் சங்குக்கு வீட்டைவிட்டு இறங்கினால் போதும். இரண்டாம் சங்கு ஊதிய பிறகு கேட் திறக்காது.

இந்த ஊரை ஆலைகள் எழுப்பிய கதை எங்கள் குடும்பத்தின் கதையும்தான். 1888-இல் ஸ்டேன்ஸ் மில் தொடங்கியது. 1930-களில் பைக்காரா மின்சாரம் இறங்கி வந்த பிறகு அவிநாசி சாலையிலும் திருச்சி சாலையிலும் பஞ்சாலைகள் பெருகின. காங்கேயத்துப் பக்கம் வானம் பார்த்த பூமியை நம்பியிருந்த எங்கள் அப்பாரு (அப்பாவின் அப்பா), கிணறு வற்றியதும் தறிகெட்டுப் போகாமல் மனைவி மக்களோடு வந்து சேர்ந்தது அந்தப் பெருக்கத்தில்தான். அப்பா பதினெட்டு வயதில் ஸ்பின்னிங்கில் சேர்ந்து, நூற்பு இயந்திரத்தின் ஒரு பக்கமான, ஓடுகிற சைடில் அறுந்த இழையை ஒட்டியே ஆயுளைக் கழித்தார். வீட்டுக்கு வரும்போது புருவத்திலும் காதோரத்திலும் பஞ்சு படிந்திருக்கும். வாசலில் நின்று துண்டால் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார்.

லைன் வீடு என்பது எதிரெதிராக இரண்டு வரிசை ஓட்டு வீடுகள். நடுவில் நீள வாசல், கடைசியில் கிணறும் துவைக்கிற கல்லும், எல்லோருக்கும் பொதுவாக ஓர் ஆட்டுக்கல். ஒரு பக்கச் சுவருக்கு அப்பால் தெலுங்கு பேசிய குடும்பம், மறுபக்கம் பாலக்காட்டிலிருந்து வந்தவர்கள், எதிரே தேவாங்கர் வீடு. ஷிப்டு வாரத்துக்கு ஒருமுறை மாறும் என்பதால், எந்த வாரத்தில் எந்த வீட்டு ஆண்பிள்ளை பகலில் தூங்குகிறார் என்பது வளவில் எல்லாருக்கும் மனப்பாடம். முழுநைட் முடித்து வந்தவர் படுத்திருக்கிற வீட்டை ஒட்டியிருக்கும் ஆட்டுக்கல்லில் அன்று மதியம் யாரும் மாவாட்ட மாட்டார்கள். பொழுது சாய்ந்த பிறகே குழவி உருளும். குழந்தைகள் விளையாட்டைத் தெருமுனைக்குக் கொண்டுபோக வேண்டும். யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. இன்று நான் இருக்கும் அடுக்ககத்தில் விதிகளை அச்சடித்து மின்தூக்கிக்குள் ஒட்டியிருக்கிறார்கள். அந்த வளவில் இருந்த பரிவில் பாதிகூட இங்கே இல்லை என்பதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

அரைநைட் வாரத்தில் அப்பாவை நாங்கள் பார்ப்பதே அரிது. பள்ளிவிட்டு வருவதற்குள் அவர் போயிருப்பார். திரும்பும்போது நாங்கள் உறக்கத்தில். பன்னிரண்டுச் சங்கு கேட்டதும் அம்மா எழுந்து, அடுப்பில் மூடி வைத்த அரிசிம்பருப்புச் சோற்றைச் சூடுபண்ணுவார். நெய் விடும் வாசம் அரைத்தூக்கத்தில் வரும், சில நாள் அப்பாவின் தட்டிலிருந்து ஓர் உருண்டையும் வரும்.

எல்லா மில்லின் சங்கும் ஒன்றுபோல இருக்காது. ஒன்று கனமாக, அடித்தொண்டையிலிருந்து எழுவதுபோல் தொடங்கும். இன்னொன்று கீச்சென்று ஏறி முடியும். ஒன்றுக்கொன்று ஓரிரு நிமிடம் முன்பின்னாக ஊதும். தூக்கத்திலும் எங்கள் மில்லின் ஓசைக்கு மட்டுமே அம்மா கண் விழிப்பார். ஆகவே எந்த மில் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. முதலாவதா இரண்டாவதா என்பதுதான் பிடிபடவில்லை. பிரசவ வலியில் கிடந்தவரிடம் அதைக் கேட்பதும் நியாயமில்லை.

10 பிப்ரவரி, செவ்வாய்

அக்காள் பிறந்தது பல்லடத்துக்குப் பக்கத்தில் அம்மிச்சி வீட்டில். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம். இரண்டாவதான அண்ணனுக்கு மருத்துவச்சி லைன் வீட்டுக்கே வந்தார். உடனிருந்த ஆத்தா (அப்பாவின் அம்மா), மருத்துவச்சி, தெலுங்கு வீட்டு அம்மா மூவரும் இன்று இல்லை. அந்த அம்மாவின் மகன் கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்தவர். இப்போது பிள்ளைகள் நடத்துகிறார்கள். அவரைத் தொலைபேசியில் பிடித்தேன். நான் கேட்டு முடிப்பதற்குள் அவரே தொடங்கிவிட்டார்.

"நாந்தானுங்க சேதி சொல்ல ஓடுனேன்! உங்கப்பா அரைநைட்டுங்க. பையன் பொறந்துட்டான்னு எங்கம்மா வெரட்டி உட்டாங்க. கேட்டுல ஆளுக வரிசையா நின்னாங்க. உங்கப்பா உள்ள கால வெக்கறாரு, நான் கத்தறேன். நாலணா குடுத்தாருங்க."

அந்த நாலணாவுக்குக் கமர்கட்டு வாங்கி ஆலமரத்தடியில் உட்கார்ந்து தாமே முழுவதும் தின்றதாகவும் சொன்னார். அப்போது அவருக்குப் பத்து வயது.

அப்பா முதல் சங்குக்கு வீட்டைவிட்டு இறங்குபவர். அவர் இறங்கும்போது குழந்தை பிறக்கவில்லை. கேட் மூடுவதற்குள் செய்தி எட்டிவிட்டது. ஆக இரண்டாம் சங்கில் பிறந்திருக்க வழியே இல்லை. வீட்டிலிருந்து கேட் வரை எட்டு நிமிட நடை. ஒரு சிறுவன் ஓடினாலும் நான்கைந்து நிமிடமாவது பிடிக்கும். பிறந்தது ஆணா பெண்ணா என்று பார்த்து அவனை அனுப்பவே ஓரிரு நிமிடம் ஆகியிருக்கும்.

15 பிப்ரவரி, ஞாயிறு, சிவராத்திரி

அப்பாவோடு ஸ்பின்னிங்கில் வேலைபார்த்த பெரியவர் ஒண்டிப்புதூரில் மகள் வீட்டில் இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம்; நினைவு மங்கவில்லை. டோக்கனை அவர் கையில் கொடுத்தேன். புரட்டிக்கூடப் பார்க்காமல், கட்டைவிரலால் தடவியே அப்பாவின் எண்ணைச் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்றைக்கு வரிசையில் அப்பாவுக்குப் பின்னால் நின்றவர் இவர்தான். அனுமதி கேட்டுத் திரும்பிப் போகும்படி இவர் சொல்ல, ஒருநாள் கூலி போகும் என்று அப்பா உள்ளேயே போய்விட்டாராம். அன்று முழுக்க இழை அறுந்ததுகூடத் தெரியாமல் அவர் சிரித்துக்கொண்டே நின்றதாகவும், தம் சைடோடு சேர்த்து அப்பாவின் சைடையும் அவ்வப்போது தாமே பார்த்துக்கொண்டதாகவும் பெரியவர் சொன்னார். குழந்தையின் முகத்தை அப்பா பார்த்தது நள்ளிரவுக்கு மேல்தான். இது எங்களில் யாருக்கும் தெரியாத செய்தி. அம்மாவும் இத்தனை நாள் சொன்னதில்லை.

இன்னொன்றும் அவரிடமிருந்து கிடைத்தது. மில் கடிகாரம் எப்போதும் இரண்டு மூன்று நிமிடம் முந்தியே ஓடும். தொழிலாளர்களுக்கு அதில் நெடுங்காலக் குறை உண்டு. கடிகாரம் முந்தியிருந்தது என்றால், உண்மையான நேரம் இன்னும் முன்னால் போகிறது. எப்படிக் கூட்டிக் கழித்தாலும் மூன்று இருபத்திரண்டை எட்டவில்லை.

வரும்போது பேருந்தில் பேரூருக்குப் போகும் சிவராத்திரிக் கூட்டம். நிற்கத்தான் இடம் கிடைத்தது.

17 பிப்ரவரி, செவ்வாய்

உத்திரம் என்று முடிவாகிவிட்டது. ஜோதிடரும் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒப்புக்கொண்டார். மார்ச் 4, புதன்கிழமை. முந்தின நாள் மாலை சந்திர கிரகணம் இருப்பதால் கோயில் நடை சாத்துவார்கள். கிரகணம் விட்டுத் தலைமுழுகிய பிறகுதான் சமையல்காரர் அடுப்பு மூட்டுவாராம். ஒப்புட்டை மட்டும் புதன் விடியற்காலையில் போட்டுக்கொள்ளலாம் என்றார்.

அம்மாவிடம் அப்பா நள்ளிரவில் வந்ததைப் பற்றிக் கேட்டேன். "கைய நாலு வாட்டி கழுவிட்டு வந்துதான் தொட்டாரு. அப்பவும் பையன் தலையில பஞ்சு ஒட்டிக்கிச்சு" என்றார். பிறகு உடனே பந்திக்கு எத்தனை பேர் என்ற கணக்குக்குப் போய்விட்டார்.

லைன் வீட்டு ஆட்கள் எல்லாருக்கும் நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்பது அவர் கட்டளை. பாலக்காட்டுக் குடும்பம் ஊருக்கே திரும்பிவிட்டது. மகள் கொல்லங்கோட்டில் இருக்கிறாள், அண்ணனும் அண்ணியும் சனிக்கிழமை போகிறார்கள். தேவாங்கர் வீட்டுப் பேரன் எண் கிடைத்திருக்கிறது. ஒண்டிப்புதூர்ப் பெரியவருக்கு அன்று காலை ஐந்து மணிக்கே கார் அனுப்ப வேண்டும். நேரத்துக்கு முன்பே தயாராக இருப்பேன் என்று அவர் சொல்லி அனுப்பியிருக்கிறார். கணபதிக்காரர் வேட்டி சட்டை தம் செலவு என்கிறார். அண்ணன் வேண்டாம் என்று மறுத்துப் பார்த்தும் அவர் விடவில்லை.