டிஷ்ஷைத் திருப்பாதீர்கள்

ஐப்பசி மழை இறங்கியதும் எங்கள் தெருவில் மாடிக்கு மாடி ஆள் ஏறிவிடுகிறார்கள். படம் கட்டம் கட்டமாக உடைந்தால் போதும், டிஷ்ஷைப் பிடித்துத் திருப்புவதுதான் முதல் வேலை. இலங்கையின் ரூபவாஹினி டிவிக்காக ஆன்டெனாவைத் திருப்பிய காலத்துப் பழக்கம் கையை விட்டுப் போகவில்லை. அந்தக் கம்பி ஆன்டெனா கோணிக்கொண்டாலும் புள்ளி புள்ளியாகவாவது படம் காட்டும். இரண்டடி டிஷ் இரண்டு மூன்று டிகிரி விலகினாலே திரை கறுத்துவிடும்.

எங்கள் வீட்டில் இருப்பது டிடி ஃப்ரீ டிஷ். மாதச் சந்தா கிடையாது என்பதில் அப்பாவுக்குத் தனிப் பெருமை. அதற்கான ஜிசாட்-15 செயற்கைக்கோள் கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில் நிற்கிறது. திருநெல்வேலியிலிருந்து தென்கிழக்கே, அடிவானிலிருந்து ஏறத்தாழ 69 டிகிரி உயரம்; கிட்டத்தட்ட தலைக்கு மேலே. எதிர்வீட்டில் மாடி எழுப்பிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போவதில் பயனில்லை; பக்கத்திலேயே நிற்கும் தென்னை வேண்டுமானால் மறைக்கும். இன்னொன்று, டிஷ்ஷின் முகம் காட்டும் திசைக்கும் மேலேதான் அது உண்மையில் பார்க்கிறது. கண்ணால் குறிவைத்துத் திருப்பினால் பலிக்காது.

கனமழை கொட்டும்போது படம் போவது இயல்பு. இரண்டரை சென்டிமீட்டர் அளவே நீளமுள்ள அலைகளை மழைத்துளிகள் விழுங்கிவிடுகின்றன. மழை தணிந்ததும் படம் தானே வந்துவிடும். மழை விட்டு வெயிலடித்த பிறகும் உடைகிறதென்றால் மட்டுமே வீட்டில் கோளாறு.

எங்களுக்கு நேர்ந்தது அதுதான். வந்த மெக்கானிக் டிவியைப் பார்த்தவுடன், "அண்ணாச்சி, செட்-டாப் பெட்டி போய்விட்டது, புதிது வாங்கிவிடுங்கள்" என்றார். அப்பா பர்ஸைத் தேடத் தொடங்கிவிட்டார். நான் ரிமோட்டில் சிக்னல் பக்கத்தைத் திறந்தேன். அங்கே இரண்டு பட்டைகள், ஒன்று வலிமை, மற்றது தரம். பார்க்க வேண்டியது தரத்தை. வலிமை ஆடாமல் நிற்க, தரம் ஏறுவதும் சரிவதுமாக இருந்தது. பெட்டியைக் குறை சொல்லுமுன் கேபிளைப் பார்க்கலாமே என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை; ஆனாலும் ஏறினார்.

டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டு சிக்னலை வாங்கும் எல்.என்.பி.யில் கேபிள் சேரும் கனெக்டரைக் கழற்றினால் ஒரு சொட்டு நீர் வழிந்தது. உள்ளே பச்சைக் களிம்பு. நடுக்கம்பியின் செம்புப் பூச்சு உரிந்து, அடியிலிருந்த இரும்பு துருவேறியிருந்தது. நடுக்கம்பியைச் சுற்றியுள்ள வெளிவலையின் மயிரிழைக் கம்பி ஒன்று அதைத் தொடுவதுபோல நீட்டிக்கொண்டிருந்தது. கறுத்த பகுதி முழுவதையும், ஒரு சாண் அளவுக்கு, வெட்டிவிட்டுப் புதுக் கனெக்டர் போட்டோம். டிஷ்ஷை யாரும் தொடவில்லை. தரப்பட்டை ஏறி நின்றுவிட்டது.

கேபிள் கனெக்டருக்குப் போகுமுன் ஒரு வளைவு கீழே தொங்க வேண்டும். நீர் அங்கேயே சொட்டிவிடும், உள்ளே போகாது. கனெக்டரைப் பால் பாக்கெட் உறையால் சுற்றி நூல் கட்டும் வழக்கம் எங்கள் தெருவில் அமோகமாக இருக்கிறது. புகுந்த நீரை அது வெளியே விடாது. அதற்குச் சும்மா விட்டுவிடுவதே மேல். ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றினால் இன்னும் நல்லது.