124 வருட வெப்பத்தை ஒரு சால்வையில் பின்னியபோது

வருடத்துக்கு ஒரு வரிசை, வெப்பத்துக்கு ஏற்ற நிறம். இதுதான் என் குரோஷா சால்வையின் கணக்கு. ரெடிங் பல்கலைக்கழகத்தின் காலநிலை விஞ்ஞானி எட் ஹாக்கின்ஸ், ஒவ்வொரு வருட வெப்பத்தையும் ஒரு நிறக் கோடாகக் காட்டி 2018-இல் வெளியிட்ட நீல, சிவப்புப் பட்டைகளைப் பார்த்த நாளிலிருந்து, நம் நாட்டுக்கும் ஒன்றைக் கையால் பின்ன வேண்டும் என்று ஆசை. இந்திய வானிலை ஆய்வுத் துறை நாடு முழுமைக்குமான சராசரியை 1901 முதல் வைத்திருக்கிறது. இயல்பிலிருந்து எவ்வளவு விலகல் என்று பார்த்து, 0.2 டிகிரிக்கு ஒரு நிறம் ஒதுக்கினேன். 0.6 முதல் 0.8 வரை ரத்தச் சிவப்பு. அதற்கு மேல் நூலே வாங்கவில்லை.

பழைய வருடங்கள் பெரும்பாலும் நீலங்கள்தான், வேகமாகப் போய்விட்டன. 2009-க்கு வந்தபோது கை நின்றது. 0.55, ஆரஞ்சு. அந்த வருடம் தென்மேற்குப் பருவமழை 22 சதவீதம் குறைவு. மண்ணில் ஈரம் இருந்தால் வெயிலின் ஒரு பங்கு அதை ஆவியாக்கவே செலவாகும். ஈரம் இல்லையென்றால் அந்தச் சூடெல்லாம் காற்றுக்குத்தான். வறண்ட குளத்தை நினைத்துக்கொண்டே அந்த வரிசையை முடித்தேன். 2016-க்கு 0.71, 2023-க்கு 0.65. இரண்டும் ரத்தச் சிவப்பு.

அப்புறம் 2024 அறிக்கை வந்தது. அதுவும் 0.65. சரி, அதே நூல்தான் என்று பின்னி, முடிச்சும் போட்டுவிட்டேன். ஆனால் 1901-க்குப் பின் மிக வெப்பமான வருடம் 2024 என்று அதே அறிக்கை சொல்கிறது. 0.71 இருக்கும்போது 0.65 எப்படி முதலிடம்? திரும்பப் படித்தேன். அதில் 2016-க்கு 0.54 என்று போட்டிருந்தது.

இயல்பு மாறியிருக்கிறது! முன்பு 1981 முதல் 2010 வரையிலான சராசரியோடு ஒப்பிட்டார்கள். இப்போது 1991 முதல் 2020 வரை. முப்பது வருட சராசரியைப் பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பது உலக வழக்கம், தவறில்லை. ஆனால் 0.71-க்கும் 0.54-க்கும் நடுவில் இருக்கிற அந்த 0.17 என்னைத் தூங்கவிடவில்லை. நாம் ‘இயல்பு’ என்று சொல்வதே பத்து வருட நகர்வில் அவ்வளவு சூடாகியிருக்கிறது.

என் சால்வையின் பழைய அளவில் 2024 ஏறக்குறைய 0.82. முடிச்சை அவிழ்த்து நூலை இழுத்தேன். வரிசை முழுதும் சரசரவென்று பிரிந்து வந்தது. மறுநாள் கடையில் அரக்கு நிறத்தில் ஒரு பந்து வாங்கி வந்து பின்னினேன். ரத்தச் சிவப்புக்குப் பக்கத்தில் அது கிட்டத்தட்டக் கறுப்பாகத் தெரிகிறது.

அடுத்து, பகல் உச்சத்துக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று எனத் தனித்தனியாகப் பின்னப் போகிறேன். 2024 வரையிலான கணக்கில் நூறு வருடத்துக்கு உச்ச வெப்பம் 0.89 டிகிரியும், குறைந்தபட்ச வெப்பம் 0.46 டிகிரியும் ஏறியிருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, நிறம் எந்த வருடத்தில் பிரியத் தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும்.