தம்புரா நிற்காத சிடி

அப்பாவுக்கு வயது 78. மும்பை மாட்டுங்காவில் எங்கள் வீட்டுக் கூடத்தில், ஜன்னலோர அலமாரியில், 1999இல் வாங்கிய சிடி பிளேயர் இருக்கிறது. போனில் பாட்டுக் கேட்பது அவருக்குச் சரிப்படவில்லை. விரல் பட்டால் பாட்டு மாறிவிடுகிறது, ஆலாபனை நடுவில் யாராவது கூப்பிடுகிறார்கள். பிளேயரின் பொத்தான்களோ கண்ணை மூடிக்கொண்டு அழுத்தும் அளவுக்குப் பழக்கம். அதனால், நான் காசு கொடுத்து டவுன்லோடு செய்யும் கச்சேரிகளை அவருக்காக சிடியில் ரைட் செய்து தருகிறேன்.

லாமிங்டன் ரோட்டில் யூஎஸ்பி டிவிடி ரைட்டர் ஒன்றும் வெற்று சிடிகளும் வாங்கி வந்தேன். முதல் கச்சேரி 142 நிமிடம். எம்பி3யாக 340 எம்பிதான், சிடியில் 700 எம்பி இடம். அப்படியே காப்பி செய்து போட்டேன். பிளேயர் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு, டிஸ்க் இல்லை என்று காட்டியது.

அந்தக் காலத்துப் பிளேயருக்கு எம்பி3 தெரியாது. 1980இல் பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து வகுத்த ஆடியோ சிடி முறை மட்டுமே தெரியும்: நொடிக்கு 44,100 ஒலி மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு சேனல், சுருக்கம் எதுவும் கிடையாது. நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 எம்பி ஆகிவிடும். அதனால் இங்கே எம்பி கணக்கை மறந்துவிட வேண்டும். ஒரு சிடிக்கு 80 நிமிடம், அவ்வளவுதான்.

சரி, இரண்டு ஆடியோ சிடிகளாகப் போட்டேன். தொடக்கத்தில் வரும் வர்ணத்திலிருந்து மெயின் உருப்படி வரை 76 நிமிடம் முதல் சிடி. கல்யாணியில் ராகம், தானம், பல்லவி என்று மூன்று பகுதியாக நீளும் உருப்படியும், கடைசியில் வரும் சின்னப் பாட்டுகளான துக்கடாக்களும் 66 நிமிடம் இரண்டாவது. பாடியது. அப்பா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், ராகம் முடிந்து தானம் தொடங்கும் இடத்தில் சட்டென்று நிமிர்ந்தார்.

"ஏம்மா, தம்புரா ஏன் நின்னு நின்னு வருது?"

டவுன்லோடில் ராகம், தானம், பல்லவி மூன்றும் தனித்தனி டிராக். ஒவ்வொரு டிராக்குக்கும் நடுவே சாஃப்ட்வேர் 2 நொடி மௌனத்தைச் சேர்த்திருந்தது. சினிமாப் பாட்டுத் தொகுப்பில் அது யாருக்கும் உறுத்தாது. கச்சேரியில் அப்படி இல்லை. பாடகி மூச்சு வாங்கும்போதும் தம்புராவின் சுருதி ஓடிக்கொண்டே இருக்கும். அந்த ஓட்டத்தின் மேல்தான் தானம் வந்து உட்காரும். அதை 2 நொடி அறுத்தால் சபையையே எழுப்பி வெளியே அனுப்பிவிட்டு மறுபடி கூப்பிட்ட மாதிரி.

விண்டோஸ் மீடியா பிளேயரின் அமைப்புகளில், இடைவெளியில்லாமல் ரைட் செய்யும் வசதி ஒன்று இருக்கிறது. அதை டிக் செய்தேன். டிராக்குகளின் ஒலி அளவைச் சமன் செய்வதையும் எடுத்துவிட்டேன். மெதுவாகத் தொடங்கும் ராகம் மெதுவாகவே கேட்கட்டும். அப்படியும் டிராக் மாறும் இடத்தில் சின்னதாக ஒரு தடங்கல். காரணம் எம்பி3யேதான். சுருக்கும்போது ஒவ்வொரு ஃபைலின் முன்னும் பின்னும் துளி மௌனம் சேர்ந்துவிடுகிறது. அப்புறம், வாங்கிய இடத்திலேயே அதே கச்சேரியைச் சுருக்கம் இல்லாத வேவ் ஃபைல்களாக எடுத்தேன். மொத்தம் ஒன்றரை ஜிபி, ராத்திரி முழுக்க இறங்கியது.

மறுநாள் நிதானமான வேகத்தில் ரைட் செய்து போட்டேன். பிளேயரில் எண் 1லிருந்து 2க்கு மாறியதை நான் பார்த்தேன். அப்பா கவனிக்கவே இல்லை. அவர் கை தொடையில் தானத்தின் நடைக்குத் தட்டிக்கொண்டிருந்தது.

அடுத்து ஒரு வயலின் கச்சேரி, 96 நிமிடம். எங்கே வெட்டுவது என்று அவரிடமே கேட்டேன். மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம் முடிந்து, பாட்டின் பல்லவியை ஒரு தடவை திரும்ப வாசித்துக் கைதட்டலும் அடங்கிய பிறகுதான் வெட்ட வேண்டுமாம். கணக்குப் பார்த்தேன், அதுவரை 79 நிமிடம் வருகிறது. மட்டுமட்டாக இருந்தாலும் முதல் சிடியில் அடங்கிவிடும்.