ஓஇடி ஸ்பீக்கிங்குக்காக கேன், குட், மே, மஸ்ட் எல்லாம் பஸ்ல பேசிப் பழகுன அனுபவம்

ஓஇடி (OET), அதாவது வெளிநாட்டுல வேலைக்குப் போக நர்ஸ், டாக்டர் மாதிரி மருத்துவத்துறைக்காரங்க எழுதுற இங்கிலீஷ் பரீட்சை, அத எழுதப்போற நர்ஸுங்க என்கிட்ட எந்த கிராமர் புக் படிச்சேன்னு தான் முதல்ல கேக்குறாங்க. ஆனா ஸ்பீக்கிங்ல எனக்கு கைகொடுத்தது மோடல் வெர்ப்ஸ் தான், அதாவது முடியும், இருக்கலாம், இருக்கணும்னு சொல்ற கேன் (can), குட் (could), மே (may), மஸ்ட் (must) மாதிரி வார்த்தைங்க, அத நான் புக்க விட பஸ்ல தான் அதிகம் பழகுனேன். வீடு கடலூர் மஞ்சக்குப்பம், வேலை பாண்டிச்சேரில ஒரு ஆஸ்பத்திரில, கூட வேலை பாக்குற அக்கா ஒருத்தங்களும் அதே பரீட்சைக்கு படிச்சிட்டு இருந்தாங்க. ஆல்பேட்டை தாண்டி பெண்ணையாறு பாலம் ஏறுனா போன உள்ள வச்சிட்டு இங்கிலீஷ்ல பேச ஆரம்பிச்சுடுவோம், முதலியார்பேட்டை வர்ற வரைக்கும் தமிழ் கிடையாது.

ஸ்பீக்கிங்ல ரெண்டு ரோல் ப்ளே, ஒவ்வொண்ணும் சுமார் 5 நிமிஷம், நிலைமைய எழுதிக் குடுக்குற கார்ட படிச்சு யோசிக்க ஒவ்வொண்ணுக்கும் 3 நிமிஷம் தருவாங்க. நாம நர்ஸ், எதிர்ல இருக்கவங்க பேஷண்ட் இல்லன்னா அவங்க சொந்தக்காரங்க. அவங்க கேக்குறதுல பாதி "இது என்னவா இருக்கும்", "எப்போ நடக்க முடியும்", "கேன்சரா இருக்குமோ" இந்த மாதிரி தான், அதனால முடியும், இருக்கலாம், இருக்கணும் இது மூணையும் இங்கிலீஷ்ல சட்டுனு சொல்லத் தெரிஞ்சா பாதி பயம் போயிடும்.

முடியும்ங்கறது சுலபம். கேன், குட் பின்னாடி டு போடக்கூடாது, ஹீ ஷீ வந்தாலும் எஸ் சேராது. வில் கூட கேன் சேராது, "யூ வில் பி ஏபிள் டு வாக்"னு தான் வரும், ஆபரேஷன் முடிஞ்ச பேஷண்ட் கார்டு வந்தா இது கட்டாயம் தேவைப்படும். கொஞ்சம் நின்னு பாக்க வேண்டியது பழைய விஷயம் சொல்றப்ப தான். சின்ன வயசுல நீச்சல் தெரியும்னா "ஐ குட் ஸ்விம்" சரி, ஆனா நேத்து ஒரு வயசானவருக்கு வெயினே கிடைக்காம கடைசில எப்படியோ கேனுலா (மருந்து ஏத்த ரத்தக்குழாய்ல போடற சின்ன குழாய்) போட முடிஞ்சதுன்னா அங்க குட் வராது, "ஐ வாஸ் ஏபிள் டு இன்சர்ட் தி கேனுலா" இல்லன்னா "மேனேஜ்டு டு". அந்த ஒரு தடவை நடந்து முடிஞ்ச காரியத்துக்கு அப்படித்தான். முடியலன்னு சொல்றதுக்கு மட்டும் குடின்ட் எங்கயும் போடலாம்.

உண்மையான பயிற்சி ஊகம் சொல்றதுல தான் இருக்கு. நாங்க வச்சிருந்த ரூல், பஸ்ல கண்ணுல படற ஏதாவது ஒண்ண பத்தி ஊகம் சொல்லணும், கூடவே காரணமும் சொல்லணும். ஒரு சாயங்காலம் தவளக்குப்பத்துல மீன்கார அம்மா ஒருத்தங்க காலி அன்னக்கூடையோட ஏறுனாங்க, நான் உடனே "ஷீ மஸ்ட் ஹேவ் சோல்ட் எவ்ரிதிங்"னேன். அக்கா விடல, "ஏண்டி, மிச்சத்த யார்கிட்டயாவது குடுத்துட்டு வந்திருக்கலாம்ல, கூடை காலியா இருக்குங்கறது மட்டும் மஸ்ட்டுக்கு போதுமா"ன்னாங்க. அப்புறம் அந்தம்மா சுருக்குப்பையத் தொறந்து நோட்ட எண்ண ஆரம்பிச்சாங்க, கட்டு நல்லா தடியா இருந்துச்சு, அதுக்கப்புறம் தான் அக்கா மஸ்ட்ட ஒத்துக்கிட்டாங்க. கையில ஆதாரம் எவ்வளவு இருக்கோ அவ்வளவு தான் வார்த்தைக்கு பலம், மே, மைட், குட்ல ஆரம்பிச்சு ஆதாரம் கூட கூட மஸ்ட்டுக்கு போகணும்.

வார்டுல இது எவ்வளவு முக்கியம்னு பாருங்க. நெஞ்சு வலின்னு வந்தவரு "கேஸ் (வாயு) தானே சிஸ்டர்"னு கேட்டா, ஈசிஜி எடுக்காம "இட் மஸ்ட் பி கேஸ்"னு சொல்லவே கூடாது, "இட் கான்ட் பி யுவர் ஹார்ட்"னு சொல்றது அத விட ஆபத்து. "இட் குட் பி எ நம்பர் ஆஃப் திங்ஸ், சோ தி டாக்டர் வில் நீட் டு செக் யுவர் ஹார்ட்"னு சொன்னா பொய்யும் இல்ல, பயமுறுத்தலும் இல்ல. இங்க "இட் கேன் பி கேஸ்"னு நம்ம பக்கம் நிறைய பேர் சொல்றத கேட்டிருக்கேன். டெங்கு வந்தா ரத்தக்கசிவு வரலாம்னு பொதுவா சொல்றதுக்கு கேன் சரி, ஆனா எதிர்ல உக்காந்திருக்க இந்த ஒருத்தருக்கு என்னன்னு ஊகிக்கிறப்ப குட், மே, மைட் தான்.

மஸ்ட்டுக்கு எதிர்ப்பதம் மஸ்ட்நாட்னு நெனச்சிடாதீங்க, அது "செய்யக்கூடாது"ங்கற கட்டளை. ஊகத்துல அதுக்கு எதிர் கான்ட். அதே மாதிரி "இட் மே நாட் பி சீரியஸ்"னா பெருசா இல்லாமலும் இருக்கலாம், "இட் குடின்ட் பி சீரியஸ்"னா பெருசா இருக்க வாய்ப்பே இல்லன்னு அடிச்சு சொல்றது. ஒரு பேஷண்ட்கிட்ட ரெண்டாவத சொல்லிட்டு நாளைக்கு ரிசல்ட் வேற மாதிரி வந்தா அவங்க நம்மள எப்படி நம்புவாங்க? நான் இத அக்காகிட்ட பேஷண்டா நடிக்கச் சொல்லி திரும்பத் திரும்ப கேக்க வச்சு பழகுனேன், அவங்க நல்லா அழுது கூட காட்டுவாங்க, பக்கத்து சீட்டுக்காரங்க பதறிப்போய் என்னம்மா ஆச்சுன்னு கேட்டதும் உண்டு.

உச்சரிப்புக்கு தனியா நேரம் ஒதுக்குங்க. கேன்ன நாம அழுத்திச் சொல்றோம், வெளிநாட்டுல அது வாக்கியத்துக்கு நடுவுல லேசா "கன்"னு ஓடிடும், கான்ட் தான் அழுத்தமா நீளமா வரும். நாம கேன்ன அழுத்தினா கேக்குறவங்களுக்கு கான்ட்னு விழும், ஆபரேஷனுக்கு முன்னாடி தண்ணி குடிக்கலாமா கூடாதாங்கறதுல இப்படி ஆனா என்ன ஆகும்! நான் போன்ல பேசி ரெக்கார்ட் பண்ணி தம்பிகிட்ட குடுத்து, கேனா கான்ட்டான்னு எழுதித் தரச் சொன்னேன், அவன் எல்லாத்தையும் சரியா எழுதுற வரைக்கும் விடல. ஸ்பீக்கிங்ல எனக்கு 350க்கு மேல, பி கிரேடு வந்துச்சு. ஆனா பேஷண்ட்கிட்ட பேசறப்ப இன்னும் உச்சரிப்ப மட்டும் நம்பி விடறதில்ல, "யூ கான்ட் டிரிங்க்"னு நிறுத்தாம "ப்ளீஸ் டோன்ட் டிரிங்க் எனிதிங், நாட் ஈவன் வாட்டர்"னு கூடவே சேத்து சொல்லிடறேன், அவங்களையும் ஒரு தடவ திருப்பிச் சொல்ல வச்சிடறேன்.