சாந்திவனத்தில் மார்கழி

'காலைக் கடம்பர், மத்தியானச் சொக்கர், அந்தி ஈங்கோய்நாதர்' என்பது குளித்தலைப் பக்கத்து வழக்கு. மூன்று சிவத்தலங்களையும் ஒரே நாளில் தரிசிப்பது பெரும் புண்ணியம் என்பார்கள். கடம்பவனேசுவரர் கோயில் கொண்டிருக்கும் அதே காவிரித் தென்கரையில், தண்ணீர்ப்பள்ளியில் இருக்கிறது சச்சிதானந்த ஆசிரமம். சாந்திவனம் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) வகுத்த வழியில் வாழும் கத்தோலிக்கத் துறவிகளின் மடம் அது. சிவனடியானான எனக்கு ஒரு மார்கழியில் அங்கே தங்கக் கிடைத்ததை ஈசன் அருள் என்றே நம்புகிறேன்.

1950 மார்ச் 21, ஆசீர்வாதப்பர் திருநாள் அன்று, ஜூல் மோன்சானின், ஆன்றி லெ சோ என்ற இரண்டு பிரெஞ்சுக் குருக்கள் இங்கே குடில் போட்டு, காவி உடுத்தித் தவவாழ்வைத் தொடங்கினார்கள். லெ சோவைத்தான் அபிஷிக்தானந்தர் என்கிறோம். 1968-ல் அவர் இமயமலைப் பக்கம் போய்விட, ஆங்கிலேயத் துறவி பீட் கிரிஃபித்ஸ் வந்து பொறுப்பேற்றார். 1993-ல் மறையும் வரை இந்த மண்தான் அவருக்கு வீடு. அவருடைய சமாதியும் இங்கேயே இருக்கிறது.

விடிவதற்கு முன்பே மணி அடித்துவிடும். சால்வையைப் போர்த்திக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனால், ஏற்கெனவே சிலர் கண்மூடி அமர்ந்திருப்பார்கள். இந்தப் பகுதியில் ஆறு அகண்ட காவிரி. மார்கழிப் பனி இறங்கியிருக்கும்போது அக்கரையே தெரியாது. தூரத்துக் கோயில் ஒலிபெருக்கியில் திருவெம்பாவை கேட்கும். மாணிக்கவாசகர் எழுப்பும் பாவையருக்கும் இந்தத் துறவிகளுக்கும் காத்திருப்பு ஒன்றுதானே என்று தோன்றும். அவர்களுக்கும் அது கிறிஸ்து பிறப்பை எதிர்நோக்கும் திருவருகைக் காலம்.

ஆலயம் நம் கோயில் அமைப்பிலேயே இருக்கிறது, கோபுரமும் விமானமுமாக. கருவறையை இருட்டாகவே வைத்திருக்கிறார்கள். இறைவன் இதயக் குகையின் இருளில் உறைபவன் என்பது கருத்து. திருப்பலியில் ஆரத்தி உண்டு. காலை வழிபாட்டில் சந்தனம், நண்பகலில் குங்குமம், மாலையில் திருநீறு. அந்தத் திருநீற்றை நெற்றியில் இட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் நான் இங்கே கற்றது அதிகமும் மாட்டுக் கொட்டகையில்தான். பனியில் மாடுகள் மூச்சுவிட்டால் புகை மாதிரி வரும். வயதான துறவி ஒருவர் வெந்நீரில் துணியை நனைத்து, மடியை மெல்லத் துடைத்து, கன்றை ஊட்டவிட்டுப் பிறகுதான் பால் கறப்பார். கறந்து முடிந்ததும் வாளியைத் தேங்காய் நாரால் விளிம்பு, அடி, கைப்பிடி என்று விடாமல் தேய்த்துக் கழுவிக் கல்லின்மேல் கவிழ்ப்பார். அவசரம் என்பதே இல்லை. "இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்யணுமா சாமி?" என்று கேட்டேன். "மடத்துச் சாமான் எல்லாத்தையும் பலிபீடத்துப் பாத்திரம் மாதிரி பாக்கணும்னு எங்க அப்பர் எழுதி வெச்சிருக்காருங்கய்யா" என்றார். ஆசீர்வாதப்பரின் ஒழுங்குநூல் 31-ஆம் அதிகாரத்தில் அது இருக்கிறது. கைகளால் உழைத்துப் பிழைக்கும்போதுதான் ஒருவர் உண்மையான துறவி என்று 48-ஆம் அதிகாரம் சொல்கிறது. சற்று நேரத்தில் அதே கைகள் ஆரத்தித் தட்டை ஏந்தியதைப் பார்த்தேன். வாளிக்கும் தட்டுக்கும் அந்தக் கைகள் வேறுபாடு காட்டவில்லை.

சாணம் எருக்குழிக்குப் போய், வாழைக்கும் தென்னைக்கும் காய்கறிப் பாத்திக்கும் வருகிறது. தரையில் அமர்ந்து, பேச்சில்லாமல், ஒருவர் நூல் வாசிக்கக் கேட்டுக்கொண்டே சாப்பிடுகிறோம்.

6-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் ஆசீர்வாதப்பர் எழுதிய அந்த ஒழுங்குநூலில் குளிர்காலத்துக்கென்று ஒரு சலுகையும் இருக்கிறது. நவம்பர் முதல் நாளிலிருந்து உயிர்ப்புப் பெருவிழா (ஈஸ்டர்) வரை, இரவு பாதிக்குச் சற்று அதிகமாகவே உறங்கி, உண்டது செரித்த பிறகு எழட்டும் என்கிறார். இவ்வளவு கண்டிப்பான மகான் அடியாரின் வயிற்றையும் தூக்கத்தையும் நினைத்தாரே! தாயுமானவர் அருளும் திருச்சி பக்கத்தில்தானே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று தலங்களுக்கும் போகிறவர்கள் ஒரு நாள் முன்னதாக வந்து இங்கே தங்கலாம். முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். காலை உணவு முடிந்ததும் காய் நறுக்கக் கூப்பிடுவார்கள், தயங்காமல் போய் உட்காருங்கள்.