பள்ளிக்குப் போகாத பிள்ளைக்கு யார் மார்க் போடுவது?

வீட்டுக்கல்வி மதிப்பீட்டாளர் என்று ஒரு பதவி நம் ஊரில் கிடையாது. அரசாணை இல்லை, சம்பளம் இல்லை, சீல் இல்லை. ஆனாலும் கடலூர், பாகூர், ஆரோவில் பக்கம் வீட்டிலோ மாற்றுப் பள்ளியிலோ படிக்கும் பிள்ளைகளைப் பார்த்து, பேசி, ரிப்போர்ட் எழுதிக் கொடுக்கும் வேலையைச் சில வருடங்களாகச் செய்துவருகிறேன். இதற்குள் எப்படி வந்தீர்கள், என்னதான் பார்ப்பீர்கள் என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். ஒரே இடத்தில் எழுதிவைத்தால் எனக்கும் வேலை மிச்சம்.

நான் பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில், ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் ஆசிரியர் பயிற்றுநராக இருந்தவள். கோடையில் பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பு வரும். டிசி வாங்கிவிட்டு வேறு பள்ளியில் சேராத பிள்ளைகளின் பெயர், இஎம்ஐஎஸ் என்கிற பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவேட்டில், எந்தப் பள்ளியிலும் இல்லாதவர்களுக்கான பொதுத் தொகுப்பில் நிற்கும். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போவோம். ரெட்டிச்சாவடி பக்கம் ஒரு வீட்டில், இரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டதாகப் பதிவாகியிருந்த பெண் பிள்ளை. குழந்தைத் தொழிலாளரோ, குடும்பம் வெளியூர் போய்விட்டதோ என்று நினைத்துப் போனேன். "நிறுத்தல மேடம், வீட்டுலயே படிக்கிறா" என்றார் அம்மா. அந்தப் பெண் ஒரு நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். கொல்லையின் வரைபடம். வேப்பமரத்திலிருந்து கிணறு வரை தூரத்தை இரண்டு கட்டமாக எழுதியிருந்தாள்: என் காலடி 41, அப்பா காலடி 29. கீழே ஒரு வரி: "யார் காலடின்னு சொல்லலைன்னா கணக்கு தப்பாயிடும்." அளவீட்டுப் பாடத்தில் ஸ்கேல் எதற்கு என்பதை நாங்கள் எத்தனையோ பயிற்சிகளில் ஆசிரியர்களுக்குச் சொல்லியிருக்கிறோம். இந்தப் பிள்ளை கொல்லையில் நடந்தே அங்கு வந்து சேர்ந்துவிட்டாள்.

என் கையில் இருந்த படிவத்தில் இதற்குக் கட்டமே இல்லை. இடைநிற்றல் என்று குறித்துவிட்டு வந்தேன். பணியிலிருந்து வெளியே வந்த பிறகு அதே அம்மாதான் தேடி வந்தார். "அடுத்த வருஷம் ஸ்கூல்ல போடலாம்னு இருக்கோம். எங்க நிக்கிறான்னு நீங்க பார்த்துச் சொல்லுங்க." அப்படித்தான் ஆரம்பம்.

முதலில் சட்டத்தைப் படித்தேன். கல்வி உரிமைச் சட்டம் 2009, நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரல் 1. ஆறு முதல் பதினான்கு வயது வரை அருகமைப் பள்ளியில் இலவசமாகப் படிப்பது பிள்ளையின் உரிமை. வீட்டிலேயே படிக்கவைப்பதற்கு என்று பொதுவான பிரிவு எதுவும் அதில் இல்லை. 2012 திருத்தத்தில்தான், பல்வகைக் குறைபாடும் கடுமையான குறைபாடும் உள்ள பிள்ளைகள் வீட்டுவழிக் கல்வியைத் தேர்ந்துகொள்ளலாம் என்று வந்தது. மற்றபடி எனக்கு வேண்டியிருந்தவை இரண்டு பிரிவுகள். நான்காவது பிரிவின்படி, பள்ளிக்கே வராத பிள்ளையையும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும்; விடுபட்டதைப் பிடிக்கச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். பதின்மூன்றாவது பிரிவின்படி, சேர்க்கைக்கு வடிகட்டும் தேர்வு வைக்கக் கூடாது. வைத்தால் முதல் முறை 25,000 ரூபாய் வரை அபராதம். ஆக, எந்த வகுப்பு என்று முடிவு செய்யும் வேலை என்னுடையது அல்ல. அதை வயது முடிவு செய்துவிடுகிறது. அந்த வகுப்பு ஆசிரியர் நாளைக்குக் காலையில் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்வதுதான் என் வேலை. இது பிடிபட்ட பிறகு ரிப்போர்ட் எழுதுவது சுலபமாகிவிட்டது.

பார்க்கும் விதத்தை நான் கற்றுக்கொண்டது வீட்டுவழிக் கல்விப் பிள்ளைகளிடம். சிறப்பாசிரியரும் பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்குப் போகும்போது கூடவே போவேன். மூளை முடக்குவாதம் உள்ள ஒரு பையன். கட்டிலை விட்டு இறங்கமாட்டான். அவனை எந்த வகுப்போடு ஒப்பிடுவது? போன மாதம் பந்தை இரண்டு கையால் பிடித்தான், இந்த மாதம் ஒரு கையால் உருட்டிவிடுகிறான் என்றுதான் எழுத முடியும். அவனுக்கு அவன்தான் அளவுகோல். எந்தப் பிள்ளையைப் பார்க்கப் போனாலும் நான் முதலில் கேட்பது பழைய நோட்டைத்தான். புது நோட்டு எனக்காக எழுதப்பட்டிருக்கும்.

பழைய நோட்டிலும் கடைசிப் பக்கங்கள். முன்பக்கம் அம்மா சொல்லி எழுதியது. பின்பக்கம் பிள்ளை தானாகக் கிறுக்கியது. பாகூர் ஏரிக்கரைக்குத் தினம் போகும் ஒரு பையனின் நோட்டில், பின்னால் இருந்து நாரைகளின் எண்ணிக்கை ஓடிக்கொண்டிருந்தது. எண்ண முடியாத அளவுக்குக் கூட்டமாக வந்த நாளில், ஒரு சின்ன வட்டத்துக்குள் இருப்பதை மட்டும் எண்ணி, அதைப் பெருக்கியிருந்தான். முன்பக்கத்தில் பெருக்கல் வாய்ப்பாடு பாதியில் நின்றிருந்தது!

அப்புறம் வாசிக்கச் சொல்வேன். முதலில் அவர்களுக்குப் பிடித்த எதையாவது. பிறகு அவர்கள் பார்த்திராத ஒரு பத்தியை, தமிழ்நாட்டு மூன்றாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து. எங்கே திக்குகிறார்கள் என்பதைக் குறித்துக்கொள்வேன். திக்கியதும் என்ன செய்கிறார்கள் என்பதை அதைவிடக் கவனமாகக் குறித்துக்கொள்வேன். சிலர் திரும்பி வாசிப்பார்கள், சிலர் ஊகித்துத் தாண்டுவார்கள், சிலர் அம்மா முகத்தைப் பார்ப்பார்கள். கணக்குக்குக் காசு போதும். உழவர் சந்தைக்குக் கூட்டிப்போய்க் கால் கிலோ வெண்டைக்காய் வாங்கச் சொன்னால் பின்னம், கழித்தல், பேரம் எல்லாம் வந்துவிடும். "எப்படிக் கண்டுபிடிச்சே?" என்று கட்டாயம் கேட்பேன். விடை சரியாக இருந்தாலும் கேட்பேன்.

பெற்றோர் பேசாமல் இருப்பதுதான் கஷ்டம். பிள்ளை வாயைத் திறக்கும் முன் பதில் வந்துவிடும். அதனால் வீட்டுக்குள் போனதும் டீ கேட்டுவிடுவேன். அவர்கள் அடுப்படியில் இருக்கும் நேரத்தில் எனக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

வீட்டுக்கல்வி என்றாலே சுதந்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டில் எட்டரைக்கு மணி அடிக்கிறது, சீருடை மாதிரி ஒரு சட்டை வேறு. அந்தப் பிள்ளை பள்ளிக்கே போயிருந்தால் ஒரு பீரியடாவது ஓடி விளையாடியிருக்கும். இன்னொரு பக்கம், "அவனா கேட்டா சொல்லித் தருவோம்" என்கிற வீடுகள். அப்படி ஒரு வீட்டில் பதினொரு வயதுப் பையனுக்குத் தமிழ் வாசிக்க வரவில்லை. கேட்டால், அரவிந்தர் ஆசிரமப் பள்ளியில் பரீட்சையா வைக்கிறார்கள் என்றார் அப்பா. 1943 டிசம்பரில் தொடங்கிய அந்தப் பள்ளி பட்டமோ சான்றிதழோ தருவதில்லை என்பதை எல்லோரும் சொல்வார்கள். அங்கே ஆசிரியர்கள் சும்மா இருப்பதில்லை என்பதை யாரும் சொல்வதில்லை.

நான் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. பெர்த்தில் இருக்கும் என் பழைய மாணவி அவளுடைய பிள்ளைகளை வீட்டில் படிக்கவைக்கிறாள். மேற்கு ஆஸ்திரேலியாவில் கல்வித் துறையில் பதிவு செய்ய வேண்டும். மூன்று மாதத்துக்குள் மதிப்பீட்டாளர் வருவார், பிறகு வருடத்துக்கு ஒருமுறை வருவார். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் தகுதி பெற்ற ஆசிரியர் ஒருவர் வருடா வருடம் பிள்ளையின் வேலைத் தொகுப்பைப் பார்த்து, பிள்ளையோடு நேரில் பேசிச் சான்று தர வேண்டும். அங்கெல்லாம் அந்தக் காகிதத்துக்குச் சட்டப் பலம் உண்டு. என் காகிதத்துக்குக் கிடையாது. கிடையாது என்பதாலேயே அதை யாருக்கும் பயப்படாமல் எழுத முடிகிறது. "எங்க மாமியார் பார்ப்பாங்க மேடம், கொஞ்சம் நல்லா எழுதுங்க" என்பதுதான் எனக்கு வரும் அதிகபட்ச அழுத்தம்.

இரண்டு பக்கத்துக்கு மேல் எழுதுவதில்லை. கிரேடு போடுவதில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும், தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் நடக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைப் பிரிக்கும் அரும்பு, மொட்டு, மலர் நிலையைக் குறிப்பிடுவேன், பள்ளியில் உடனே புரியும் என்பதற்காக. மற்றதெல்லாம் இந்த மாதிரி வாக்கியங்கள்தான்: "மூன்றிலக்கக் கழித்தலில் கடன் வாங்கத் தெரியும், நடுவில் பூஜ்யம் வந்தால் நின்றுவிடுகிறாள். குச்சிக்கட்டு கொடுத்தால் போதும்."

ரெட்டிச்சாவடிப் பெண்ணை முதலில் ஒரு தனியார் பள்ளிக்குக் கூட்டிப்போனார்கள். என்ட்ரன்ஸ் எழுத வேண்டும் என்றார்கள். பதின்மூன்றாவது பிரிவைக் காட்டியதும் அதற்கு "இன்டராக்‌ஷன்" என்று பெயர் மாறியது. கேள்வித்தாள் அதே கேள்வித்தாள்தான். பிறகு ஒரு அரசு உதவி பெறும் பள்ளி. தலைமையாசிரியர் என் இரண்டு பக்கத்தையும் நின்றுகொண்டே படித்தார். "எந்த கிளாஸ் போடலாம் டீச்சர்?" என்றார். "வயசுக்கு ஏத்த கிளாஸ்தான் சார், சட்டமே அதுதானே" என்றேன். பொதுத் தொகுப்பிலிருந்து பெயரை எடுத்து ஐந்தாம் வகுப்பில் சேர்த்தார். கடன் கழித்தல் பற்றிய வரியை அவர் அடிக்கோடிட்டதைப் பார்த்தபோது எனக்குச் சம்பளம் வாங்கிய மாதிரி இருந்தது.

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் எல்லையான முள்ளோடைக்கு அந்தப் பக்கம் என்றால் கணக்கு வேறு. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இக்கு மாறிவிட்டன. கடலூரில் மாநிலப் பாடத்திட்டம். எந்தப் பக்கம் சேர்க்கப்போகிறீர்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

பள்ளியே வேண்டாம் என்பவர்களுக்கு இரண்டு வழி. தமிழ்நாட்டில் பன்னிரண்டரை வயது முடிந்தால் எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். பதினான்கு வயது ஆனால் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம்: ஐந்து பாடம், ஐந்து வருடத்தில் ஒன்பது வாய்ப்பு, வீட்டிலிருந்தே எழுதித் தரும் ஒப்படைப்புக்கு இருபது சதவீத மதிப்பெண். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். பாடம் பாடமாக எழுதிக்கொள்ளலாம், பிள்ளைக்கு மூச்சு முட்டாது. ஒப்படைப்பை அப்பா எழுதிக் கொடுக்காமல் இருந்தால் இன்னும் நல்லது.

தமிழ் வாசிக்காத அந்தப் பையனின் ரிப்போர்ட்டில், "வாசிப்பு தொடங்கவில்லை, இனியும் காத்திருக்கக் கூடாது, தினம் அரைமணி நேரம் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும், முடியாவிட்டால் பள்ளியில் சேர்ப்பது நல்லது" என்று எழுதினேன். அப்பாவுக்குக் கோபம். போன் வருவது நின்றது. போன மாதம் அம்மா கூப்பிட்டார். தினம் உட்காருகிறார்களாம், கடலூர் பஸ்ஸுக்கும் விழுப்புரம் பஸ்ஸுக்கும் போர்டு படித்துச் சொல்கிறானாம். பொங்கல் கழித்து வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பழைய நோட்டை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.