கவனம் போகும் வழி

ஜூன் 3, செவ்வாய்

மெய்ப்புத் திருத்த வந்திருக்கும் நூல் நல்ல தடிமன். இன்று ஒரு பெரிய அத்தியாயம். நடுநடுவே கைப்பேசி, வாசல் மணி, அந்தக் கோப்பு எங்கே என்று ஒரு செய்தி, அனுப்பியதும் இன்னொரு கோப்பு எங்கே என்று அடுத்த செய்தி. இத்தனைக்கும் அத்தியாயம் வழக்கத்தைவிடச் சீக்கிரமே முடிந்துவிட்டது. மறுபடி ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன், பிழை எதுவும் தப்பியதாகத் தெரியவில்லை. ஆனால் சாயங்காலம் அக்கா விளக்கைப் போட வந்தபோது அதற்கும் எரிச்சல் வந்தது. "உனக்கு என்னடி ஆச்சு?" என்றாள். சொல்லத் தெரியவில்லை.

குளோரியா மார்க் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2008இல் இதைத்தான் சோதித்தார்கள். சிலரை உட்கார வைத்து மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதச் சொன்னார்கள். ஒரு பகுதியினரிடம் இடையிடையே கேள்வி கேட்டார்கள். கேள்விக்கு ஆளானவர்கள் வேலையை மெதுவாக முடிக்கவில்லை, சீக்கிரமாகவே முடித்தார்கள். தரமும் குறையவில்லை. ஆனால் அழுத்தம், எரிச்சல், நேரம் போதவில்லை என்ற பதற்றம் எல்லாம் அவர்களுக்குத்தான் அதிகம். போன நேரத்தைப் பிடிக்க வேகத்தைக் கூட்டியிருக்கிறார்கள், அதற்கான விலையை மனம் கொடுத்திருக்கிறது. முடித்த பக்கங்களை மட்டும் எண்ணுகிறவருக்கு இது தெரியவே தெரியாது.

ஜூன் 5, வியாழன்

பக்கத்து அறையில் யாரோ கைப்பேசியில் நெடுநேரம் பேசினார்கள். "அப்படியா... இல்லையே... அவன் எப்ப சொன்னான்?" என்று இந்தப் பக்கத்துப் பேச்சு மட்டும் காதில் விழுந்தது. ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இரண்டு பேர் நேரில் உட்கார்ந்து சத்தமாகப் பேசியிருந்தால்கூட இவ்வளவு தொல்லை இருந்திருக்காது.

இதற்கு ஒரு காரணம் உண்டு. 2010இல் லாரன் எம்பர்சனும் குழுவினரும் செய்த சோதனையில், முழு உரையாடலைக் கேட்டபடி வேலை செய்தவர்களைவிட, பாதி உரையாடலைக் கேட்டவர்களின் கவனம்தான் அதிகம் கெட்டது. அடுத்து என்ன வரும் என்று ஊகிக்க முடியாத பேச்சை மூளை விடுவதில்லை, விட்ட பாதியை நிரப்பப் பார்க்கிறது. நம்மைக் கேட்டுக்கொண்டும் செய்வதில்லை. பேசுகிறவர் தணிந்த குரலில் பேசினாலும் அது புரியும்படி இருக்கும்வரை பயனில்லை. மின்விசிறியை வேகமாக வைத்தேன். சீரான இரைச்சலில் ஊகிக்க ஒன்றுமில்லை. அப்புறம் வேலை ஓடியது.

ஜூன் 6, வெள்ளி

கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஏட்ரியன் வார்டும் குழுவினரும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், மேசைமேல் கைப்பேசியை வைத்திருந்தவர்களைவிட வேறு அறையில் வைத்தவர்கள் சோதனைகளில் நன்றாகச் செய்தார்கள். பின்னர் வேறு சிலர் செய்து பார்த்தபோது அதே விடை வரவில்லை, அதனால் இதைப் பெரிதாக நம்பவில்லை. எனக்கு அமைதியாக இருந்தது, அவ்வளவுதான்.

ஜூன் 9, திங்கள்

கடைவாய்ப் பல்லில் வலி. மருத்துவர் நாளைதான் பார்க்கிறார். இரவெல்லாம் வலியையே கவனித்துக்கொண்டு கிடந்தேன். இப்போது குறைகிறதா, கூடுகிறதா, தாடைக்குப் பரவுகிறதா? இப்படிக் கவனிப்பதை வேலையில் கவனித்திருந்தால் நூல் எப்போதோ முடிந்திருக்கும்.

அக்கா மகன் தூக்கம் வராமல் எழுந்து வந்தான். கட்டங்களை அடுக்கும் விளையாட்டு ஒன்றைத் தன் கைப்பேசியில் திறந்து, "சித்தி, இதுல என்னை ஜெயிங்க பார்ப்போம்" என்று நீட்டினான். தோற்றேன், மறுபடி ஆடினேன், மறுபடி தோற்றேன். நிமிர்ந்து பார்த்தால் வெகுநேரம் ஆகிவிட்டது. அந்த நேரத்தில் பல் வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். வலித்தது, ஆனால் தூரத்தில் வலித்தது.

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹன்டர் ஹாஃப்மனும் டேவிட் பேட்டர்சனும் தீக்காய நோயாளிகளுக்காக ஒரு மெய்நிகர் பனி உலகத்தை உருவாக்கினார்கள். புண்ணைச் சுத்தம் செய்யும்போது நோயாளி கண்ணில் கருவியை மாட்டிக்கொண்டு பனிப் பள்ளத்தாக்கில் பறந்தபடி பனியுருண்டை எறிகிறார். வலி குறைந்ததாக நோயாளிகளே சொன்னார்கள். வலியை உணர்வதற்கும் கவனம் வேண்டும், அதன் கையிருப்போ கொஞ்சம்தான். பனியுருண்டைக்குப் போனது போக மிச்சம்தான் வலிக்கு.

வேலைக்கு ஆகாத அதே விளையாட்டுதான் இது. போன மாதம் இதற்காகவே அவனைத் திட்டியிருக்கிறாள் அவன் அம்மா.

ஜூன் 13, வெள்ளி

பல் சரியாகிவிட்டது. மனம்தான் சரியில்லை. நெருங்கிய தோழி ஒருத்தி சொன்ன ஒரு வார்த்தை காலையிலிருந்து உள்ளே சுற்றுகிறது. இவள் ஏன் அப்படிச் சொன்னாள், நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று ஒரே அரைப்பு.

இந்த அரைப்பைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் சூசன் நோலன்-ஹோக்ஸிமா. மனம் சோர்ந்திருப்பவர்களை அந்தச் சோர்வையே நினைக்கச் சொன்னால் சோர்வு நீடிக்கிறது, கூடுகிறது. வேறொன்றில் சிறிது நேரம் கவனத்தைத் திருப்பினால் தணிகிறது. யோசித்தால்தானே தீர்வு வரும் என்பார்கள். சோர்வுடன் யோசிப்பவர்களுக்கு வருவது பெரும்பாலும் மட்டமான தீர்வு என்பதும் அவருடைய ஆய்வுகளில் தெரிந்தது. தணிந்த பிறகு யோசிக்கலாம்.

சரி, கைப்பேசியில் படங்களைத் தள்ளிக்கொண்டே போனேன். ஒன்றும் ஆகவில்லை. விரல் தள்ளியது, மனம் தோழியிடமே நின்றது. ஆராய்ச்சி எதுவும் இல்லாமல் என் அனுபவத்தில் சொல்கிறேன்: மனதுக்கு இடம் விடாத வேலையாக இருக்க வேண்டும். அந்த விளையாட்டு விடவில்லை, படங்கள் நிறைய இடம் விடுகின்றன. கடைசியில் உதவியது மெய்ப்புதான். அடிக்குறிப்புகளின் எண்களை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பது, யாருக்கும் பிடிக்காத வேலை. எண் ஒன்று விடுபட்டிருந்தது. அதைத் தேடி முன்னும் பின்னும் போனதில் தோழி மறந்தே போனாள்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை தொல்லைகளிலிருந்து நான் எதைக் காப்பாற்றப் பார்த்தேனோ அதே வேலை. இன்றைக்கு அதுவே கவனத்தைத் திருப்பும் பொருளாகிவிட்டது, வேடிக்கைதான். சாயங்காலம் தோழியே அழைத்தாள். முழுக்கப் பேசினோம். அடிக்குறிப்புகளில் இன்னும் பாதி இருக்கிறது, திங்களன்று கொடுக்க வேண்டும்.